மிஸ் என்றே கூப்பிடட்டும்

ஜூன் 9

அன்புள்ள தங்கைக்கு,

அக்கா எழுதுவது. நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தேன். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது, பக்கத்து இடத்தில் தலைவலி உட்கார்ந்து வந்தது. நீ சுகமா என்று கேட்க வேண்டியதில்லை. நேற்றுதானே பார்த்தேன், நன்றாகத்தான் இருக்கிறாய், கன்னம்கூடக் கொஞ்சம் உப்பியிருக்கிறது.

போன் இருக்க ஏன் கடிதம் என்று நினைப்பாய். போனில் நாம் இரண்டு பேரும் நலம் விசாரித்து முடிப்பதற்குள் சண்டை வந்துவிடுகிறது. எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது. அதற்காகவே எழுதுகிறேன்.

பட்டாணி அழவே இல்லை, கவனித்தாயா? மற்றப் பிள்ளைகள் எல்லாம் அம்மாக்களின் கையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு ஊரைக் கூட்டின. என் பெண் மட்டும் தன் கட்டில் எது என்று கேட்டாள், லாக்கரைத் திறந்து மூடிப் பார்த்தாள், பிறகு "சரிம்மா, நீ கிளம்பு, பஸ் போயிடும்" என்றாள். எட்டு வயசு! தைரியசாலி என்று நீ மெச்சினாய். நான் மெச்சவில்லை. கொஞ்சம் அழுதிருந்தால் என்ன கெட்டுப் போயிருக்கும்?

அவளைப் பள்ளி விடுதியில் விட்டது ஆசைப்பட்டு இல்லை, உனக்குத் தெரியும். உன் அத்தான் கப்பலில் ஏறினால் ஏழெட்டு மாதம் கழித்துத்தான் தரையில் கால் வைப்பார். எனக்கு ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஒரு வாரம் பகல், ஒரு வாரம் ராத்திரி. பக்கத்து வீட்டில் படுக்க வைத்துப் படுக்க வைத்து, எந்த வீடு தன் வீடு என்பதே அவளுக்குக் குழம்பிவிட்டது. நீ அங்கே வார்டனாக இருக்கிறாய் என்ற தெம்பில்தான் விட்டேன். நீ இருக்கிறாய் என்பதற்காகவே விட யோசித்தேன் என்பதையும் மறைக்கவில்லை.

அதனால் மறுபடியும் சொல்கிறேன். அங்கே நீ அவளுக்குச் சித்தி இல்லை. எல்லாப் பிள்ளைகளுக்கும் எப்படியோ அப்படி, மிஸ். சித்தி என்று ஒரு தடவை கூப்பிட்டாலும் அடுத்த பஸ்ஸிலேயே வந்து கூட்டிப் போய்விடுவேன் என்று சொல்லி அவளிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன். சலுகை காட்டினால் மற்றப் பிள்ளைகள் ஒதுக்கிவிடுவார்கள் என்று உன்னிடம் காரணம் சொன்னேன். அது பொய் இல்லை, ஆனால் முழுக் காரணமும் இல்லை. நான் பார்க்காத என் பெண்ணை நீ காலையும் மாலையும் பார்க்கப் போகிறாய். அதற்கு மேல் உறவு வேறு கொண்டாட வேண்டாம்.

இப்போதைக்குக் கோபம் இல்லாத,
அக்கா


ஜூன் 18

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் மெஸ் மேஜைமேல் கிடந்தது. சமையல்காரம்மா அதன்மேல் பால் டம்ளரை வைத்துவிட்டார், அதனால் உன் மிரட்டலில் பாதி அழிந்துபோய்த்தான் என் கைக்கு வந்தது. மீதியைப் படித்தேன். சரி, மிஸ் என்றே கூப்பிடட்டும்.

இனி உன் பெண்ணின் சேதி. காலையில் ஆறு மணிக்கு நான் பெல் அடிப்பேன். பாதிப் பிள்ளைகள் எழுந்து உட்கார்ந்தபடியே தூங்கும். பல் தேய்க்கும் வரிசையில் பேஸ்டைத் தின்கிற ஆட்களை முன்னால் நிறுத்துவேன், அப்போதுதான் கண் வைக்க முடியும். அப்புறம் போர்வையை மடித்து, விரிப்பின் ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருக வேண்டும். பட்டாணி முதல் நாள் விரிப்போடு தன் நைட்டியையும் சேர்த்துச் செருகிவிட்டு, இரவு அதைக் காணவில்லை என்று கட்டில் வரிசை முழுக்க ஒவ்வொருத்தியிடமும் விசாரணை நடத்தினாள். படுக்கையை நனைத்துவிடும் பிள்ளைகள் உண்டு. பெல்லுக்கு முன்பே போய், அடுத்த கட்டிலுக்குத் தெரியாமல் விரிப்பை மாற்றிவிடுவேன். உன் பெண் அந்தக் கூட்டத்தில் இல்லை, பயப்படாதே.

அழுகை இங்கே ஒட்டுவாரொட்டி. சாயங்காலம் விளையாட்டு முடிந்து, கால் கழுவி, வெளிச்சம் மங்குகிற நேரத்தில் ஒன்று மூக்கை உறிஞ்சும். பக்கத்துக் கட்டில் உறிஞ்சும். விட்டால் வரிசையே கிளம்பிவிடும். அதற்குத்தான் சலவையிலிருந்து வந்த சாக்ஸை எல்லாம் தரையில் கொட்டி, ஜோடி சேர்க்கச் சொல்லுவேன். சாக்ஸ் தேடுகிற பிள்ளை அழாது.

பட்டாணி இங்கேயும் அழவில்லை. அதற்குப் பதில் கதை விடுகிறாள். தன் அம்மா ஒரு சொட்டு ரத்தத்தைப் பார்த்தே யார் என்ன தின்றார்கள் என்று சொல்லிவிடுவார் என்று அளந்திருக்கிறாள். லாக்கரில் பிஸ்கட் ஒளித்து வைத்திருந்த ஒருத்தி, ஆஸ்பத்திரிக்கு எழுதிவிடாதீர்கள் என்று என்னிடம் வந்து தானாகவே ஒப்படைத்தாள். இங்கே உன் பேருக்கு என் பெல்லைவிட மரியாதை அதிகம்.

ஞாயிறு காலையில் கடித வகுப்பு. "நான் நலம். நீங்கள் நலமா? நான் நன்றாகப் படிக்கிறேன்" என்று டீச்சர் கரும்பலகையில் எழுதிப் போடுவார். அதைப் பார்த்து எழுதிவிட்டு, கீழே சொந்த விஷயம் எழுதலாம். உன் பெண் எழுதும்போது நான் எட்டிப் பார்க்கவில்லை.

அவளுக்கு யாரோ ஒரு மிஸ், உனக்கு,
தங்கை


ஜூலை 3

அன்புள்ள தங்கைக்கு,

பட்டாணியின் கடிதம் வந்தது. கரும்பலகையைப் பார்த்து எழுதியது எனக்கு. சொந்தமாக எழுதியது அத்தனையும் உன்னைப் பற்றி.

மிஸ் தலையை இழுக்காமல் பின்னுவாங்களாம், நான் இழுப்பேனாம். ஷிப்டுக்கு ஓடுகிற அவசரத்தில் பின்னுகிறவள் இழுக்காமல் வேறு என்ன செய்வாள்? உனக்கென்ன, பின்னுவதற்குச் சம்பளமே தருகிறார்கள். மிஸ் பாடினால் ஜன்னல் பக்கத்துப் பிள்ளைகூடத் தூங்கிவிடுமாம். மிஸ் சிரித்தால் ஒரு பல் மட்டும் முன்னால் வந்து எட்டிப் பார்க்குமாம். அந்தத் தெத்துப்பல்லை நான் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன், அதில் என்ன அதிசயத்தைக் கண்டாளோ! நான் பிறந்ததிலிருந்து இல்லை, நீ பிறந்ததிலிருந்து. பார், எழுதும்போதே எனக்குப் புத்தி தடுமாறுகிறது.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், கூட வேலை பார்க்கிற ஒரு அம்மாவிடம் கடிதத்தைக் காட்டினேன். "கொடுத்து வெச்சவ நீ, தங்கச்சி தங்கமாப் பாத்துக்குது" என்றார். அவரோடு பேசுவதையே நிறுத்திவிட்டேன். மதியம் வரைக்கும்தான். என் சாப்பாட்டு டப்பா மூடியைத் திறக்க அவரால்தான் முடியும்.

அது கிடக்கட்டும். கடிதத்தின் அடியில் "இந்த சனிக்கிழமையும் நான்தான் எல்லாருக்கும் ஷூ பாலிஷ் போட்டேன்" என்று எழுதியிருக்கிறாள். இந்த சனிக்கிழமையும் என்றால்? போன சனிக்கிழமையும் அவள்தானா? என் பெண் வீட்டில் தன் செருப்பைக்கூட நேராக விட்டதில்லை. மற்றப் பிள்ளைகளின் ஷூவை அவள் ஏன் துடைக்க வேண்டும்? சலுகை வேண்டாம் என்றுதான் சொன்னேன், தண்டனை கொடுக்கச் சொல்லவில்லை. என்ன தப்பு செய்தாள், மறைக்காமல் எழுது.

பதிலுக்குக் காத்திருக்கும்,
அக்கா


ஜூலை 11

அன்புள்ள அக்காவுக்கு,

இதை எப்படி எழுதுவது என்று சில நாள் தள்ளிப்போட்டேன். நீ மறைக்காமல் எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். உட்கார்ந்து படி.

சின்னப் பிள்ளைகள் விடுதியில் ஒரு வழக்கம் உண்டு. நான் வைத்ததில்லை, நான் வேலைக்கு வருவதற்கு முன்பிருந்தே பிள்ளைகளாகப் பார்த்து வைத்துக்கொண்டது. தூக்கக் கலக்கத்திலோ அவசரத்திலோ யாராவது வார்டனை "அம்மா" என்று கூப்பிட்டுவிட்டால், கேட்ட பிள்ளைகள் கைதட்டிச் சிரிப்பார்கள். கூப்பிட்டவள் அந்த சனிக்கிழமை தன் வரிசை முழுக்க ஷூ பாலிஷ் போட வேண்டும். வாய் தவறாத பிள்ளை கிடையாது. இது முதலில் எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் அம்மா என்று சொன்ன உடனே உதடு பிதுங்கும் பாரு, அழுகை வெடிக்கிற நேரம், அந்த நேரத்தில் பக்கத்துக் கட்டில், "ஏய், ஷூ!" என்று கத்தும். அழ வேண்டியவள் சிரித்துவிடுவாள். அதனால் விட்டுவைத்திருக்கிறேன்.

பட்டாணிக்கு மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாக வாய் தவறுகிறது. அவ்வளவுதான் விஷயம். அவள் முகம் சுளிக்காமல் பாலிஷ் போடுகிறாள். பிரஷ்ஷில் எச்சில் தொட்டுத் தேய்த்தால் பளபளப்பு வரும் என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், அதை மட்டும் நிறுத்தச் சொன்னேன்.

இதற்காக மனசை வருத்திக்கொள்ளாதே. எட்டு வயசுப் பிள்ளைக்கு ராத்திரியில் வாயில் வருகிற முதல் வார்த்தை அது. எனக்காக வருகிற வார்த்தை இல்லை.

தங்கை


ஜூலை 16

தங்கைக்கு,

இப்படி எழுதியதற்குப் பதில் நீ நேரில் வந்து கன்னத்தில் ஒன்று வைத்திருக்கலாம்.

கொஞ்சம் அதிகமாக வாய் தவறுகிறதாம். ஏன் தவறுகிறது? அவள் நாக்கு ஏன் அந்தப் பக்கமே போகிறது? மாசக்கணக்கில் கப்பலில் இருக்கும் மனுஷனைக்கூட அவள் அப்பா என்றுதான் கூப்பிடுகிறாள், அவர் ஊரில் இல்லாத நாளில் வேறு யாரையும் வாய் தவறி அப்பா என்று கூப்பிட்டதில்லை. என்னை மட்டும் இத்தனை சீக்கிரம் இடம் மாற்றி வைத்துவிட்டாளே.

பொறாமை என்று சொல்வாய். பொறாமைதான். வயிறு எரிகிறது. கண்ணாடிக் குழாயில் யார் ரத்தமோ இருக்கிறது, நான் உன்னைத் திட்டிக்கொண்டே அதைக் குலுக்குகிறேன்.

சின்ன வயசிலிருந்தே இப்படித்தான். என் தோழி என்னைத் தேடி வீட்டுக்கு வருவாள், அடுத்த வாரம் உன்னைத் தேடி வருவாள். நாய்க்குட்டியை நான் மடியில் வைத்துத் தூக்கி வந்தேன், அது உன் காலடியில் போய்ப் படுத்தது. அப்பா எனக்கு வாங்கிய சைக்கிளில் நீதான் முதலில் ஓட்டப் பழகினாய். நீ எதையும் பிடுங்கியதில்லை, ஒத்துக்கொள்கிறேன். பிடுங்கியிருந்தால் திருப்பிப் பிடுங்கியிருப்பேன். தானாகவே உன்னிடம் போய்ச் சேர்ந்ததை நான் என்ன செய்ய முடியும்?

ஆனால் இது நாய்க்குட்டி இல்லை. முடிவாகச் சொல்கிறேன். அவள் இருக்கிற விடுதியில் நீ இருக்கக் கூடாது. இல்லையென்றால் அடுத்த விடுமுறையில் அவளைக் கூட்டி வந்துவிடுவேன். பக்கத்து வீட்டிலோ எதிர் வீட்டிலோ படுத்துத் தூங்கட்டும். அங்கே யாரையும் அவள் அம்மா என்று கூப்பிட்டதில்லை.

அக்கா


ஜூலை 30

அக்காவுக்கு,

தலைமையாசிரியையிடம் கேட்டுப் பெரிய பெண்கள் விடுதிக்கு மாற்றிக்கொண்டேன். திங்கட்கிழமையிலிருந்து அங்கேதான் இருக்கிறேன். சின்னவர்களுக்கு வேறு வார்டன் வந்திருக்கிறாள். நல்லவள், பொறுமைசாலி. பாட்டு வராது, தலை பின்ன வரும். இழுப்பாளா என்று கேட்கவில்லை.

பட்டாணியிடம் உன்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வேலை மாற்றம் என்று மட்டும் சொன்னேன். "சரி மிஸ்" என்றாள்.

உன் கடிதத்தில் மற்றதெல்லாம் எப்படியோ போகட்டும், நாய்க்குட்டி விஷயம் மட்டும் அநியாயம். அதற்குச் சாப்பாடு வைக்க நீ மறந்துவிடுவாய். பசித்த நாய் எங்கே போகும்?

இனி எழுதுவதற்கு என்னிடம் சேதி ஒன்றும் இருக்காது.

தங்கை


ஆகஸ்ட் 25

என் அன்புத் தங்கைக்கு,

நீ எழுத மாட்டாய் என்று தெரியும், அதனால் நானே எழுதுகிறேன். படிக்காமல் வைத்துவிடாதே. என்மேல் உள்ள கோபத்தைப் படித்து முடித்த பிறகு வைத்துக்கொள்.

நீ மாறிப்போய்விட்டாய் என்று தெரிந்த அன்றைக்கு எனக்கு ஒரே சந்தோஷம். கூட வேலை செய்கிறவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன், எதற்கு என்று சொல்லாமல். அடுத்த வாரம் பட்டாணியின் கடிதம் வந்தது. "நான் நலம். நீங்கள் நலமா? நான் நன்றாகப் படிக்கிறேன்." கீழே ஒன்றும் இல்லை. அதற்கடுத்த வாரமும் அதேதான். நான் இழுத்துப் பின்னுவேன் என்றாவது எழுத மாட்டாளா என்று தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

போன ஞாயிறு பெற்றோர் பார்க்கும் நாள் இல்லையா, வந்திருந்தேன். உன்னிடம் சொல்லவில்லை. மைதானத்துக்கு அந்தப் பக்கம் நீ பெரிய பெண்களோடு நடந்து போனதைப் பார்த்தேன். பார்த்ததும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். சிரிக்காதே.

பட்டாணி ஷூ பளபளக்க, தலை படிய வாரிக்கொண்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். "வேலை எல்லாம் எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டாள். சொந்தக்காரர் வீட்டுக்கு வந்த பெரிய மனுஷி மாதிரி. கொண்டுபோன கேக்கைப் பாதி தின்றுவிட்டு மடித்து வைத்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. மனசில் அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டே விட்டேன், மிஸ்ஸை ஏன் அம்மா என்று கூப்பிட்டாய் என்று. திட்ட மாட்டேன் என்று சொல்லித்தான் கேட்டேன்.

"முதல் தடவை தவறி வந்துடுச்சு. அப்புறம் வேணும்னேதான்" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏன் என்றேன். எனக்குக் கணக்குப் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டு நிதானமாக விளக்கினாள்.

"சித்தின்னு கூப்பிட்டா நீ வந்து கூட்டிட்டுப் போயிடுவ. மிஸ்ஸுன்னு எல்லாருந்தான் கூப்பிடறாங்க. அம்மான்னு கூப்பிட்டா ஷூ பாலிஷ் போட்டாப் போதும்."

கேட்டாயா? உறவு சொல்லிக் கூப்பிட உன்னைத் தவிர அங்கே அவளுக்கு யார் இருக்கிறார்கள்? அந்த வாயை நான் கட்டிவிட்டேன். என்னிடம் செய்த சத்தியத்தையும் மீறாமல், உன்னையும் விடாமல், இருந்ததில் ஒரு வழி கண்டுபிடித்து, அதற்கு வாரா வாரம் உட்கார்ந்து ஊரார் ஷூவை எல்லாம் துடைத்திருக்கிறாள். நான் என்னவோ என்னை இடம் மாற்றிவிட்டாள் என்று குதித்தேன்.

அதோடு விடவில்லை. கிளம்பும்போது என் பையின் வாரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள். "மிஸ் ஏன்மா போயிட்டாங்க? நான் பாலிஷ் நல்லாத்தானே போட்டேன்?"

நான் என்ன பதில் சொல்ல? பெரிய பெண்களுக்கு ஆள் இல்லை, அதனால் போனார் என்று ஒரு பொய் சொன்னேன். அவர்களுக்குத்தான் தாங்களே பின்னிக்கொள்ளத் தெரியுமே என்றாள். பஸ் வந்துவிட்டது என்று சொல்லி ஏறிவிட்டேன். வழி முழுக்க அழுதேன். பக்கத்தில் இருந்தவர் யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டார்.

திரும்பி வா. தலைமையாசிரியையிடம் என் பேரைச் சொல்லு, அக்காவுக்குப் புத்தி பிசகிவிட்டது, இப்போது தெளிந்துவிட்டது என்று சொல்லு. பட்டாணியிடம் அந்தச் சத்தியம் ரத்து என்றும், சித்தி என்று கூப்பிடலாம் என்றும் நீயே சொல்லிவிடு. பெஞ்சில் உட்கார்ந்தபோது நானே சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது, அங்கேயே நின்றுவிட்டது.

பொறாமை போய்விட்டதா என்று கேட்காதே. போகவில்லை. இன்றைக்கும் நீ அவள் தலையைப் பின்னுவதை நினைத்தால் எரியத்தான் எரிகிறது. அது பாட்டுக்கு எரியட்டும். அவள் மறுபடியும் கரும்பலகைக்குக் கீழே எதையாவது எழுதினால் போதும், உன்னைப் பற்றியே இருந்தாலும்.

உன்னைத் திட்டிய அதே,
அக்கா


செப்டம்பர் 4

அன்புள்ள அக்காவுக்கு,

படித்தேன். இரண்டு தடவை படித்தேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்ற இடத்தில் மட்டும் கொஞ்சம் சிரித்தேன். அன்றைக்கு உன்னை நானும் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் வேகமாக நடந்தேன்.

தலைமையாசிரியையிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். விடுதி என்ன பஸ்ஸா, இஷ்டத்துக்கு ஏறி இறங்க என்று கேட்டார். இந்தப் பருவம் முடிகிற வரைக்கும் மாற்ற முடியாதாம். அடுத்த பருவம் பார்க்கலாம் என்றார். அதுவரை சனி, ஞாயிறு சாயங்காலம் சின்னவர்களிடம் போய்வர அனுமதி வாங்கிவிட்டேன்.

இன்றைக்குச் சனிக்கிழமை, போய்வந்தேன். எல்லாப் பிள்ளைகளும் ஓடி வந்து மேலே விழுந்தார்கள். உன் பெண் மட்டும் கட்டிலை விட்டு இறங்கவில்லை. விரிப்பின் ஓரத்தைச் செருகிக்கொண்டே இருந்தாள், ஏற்கெனவே செருகியிருந்ததை. நானே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவளால் நான் போகவில்லை, பாலிஷும் நன்றாகத்தான் இருந்தது என்று முதலில் சொன்னேன். அதைக் கேட்டு முடிக்கும் வரை தலை நிமிரவில்லை. அப்புறம் உன் கடிதத்தைப் பற்றிச் சொன்னேன், அம்மா சத்தியத்தை ரத்து செய்துவிட்டார், சித்தி என்று கூப்பிடலாமாம் என்று. நிஜமாகவா என்று என் முகத்தையே பார்த்தாள். பிறகு, பக்கத்தில் இருக்கிற என்னைக் கூப்பிட, வரிசையின் கடைசிக் கட்டில் வரை கேட்கிற மாதிரி, "சித்தி" என்றாள்.

பிள்ளைகள் திகைத்துப் போனார்கள். இது பாலிஷ் போட வேண்டிய வார்த்தையா இல்லையா என்று யாருக்கும் தெரியவில்லை. பக்கத்துக் கட்டில்காரி முதலில் சுதாரித்துக்கொண்டாள். தானும் சித்தி என்று கூப்பிட்டுப் பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை. உடனே அடுத்தவள், அதற்கடுத்தவள். கொஞ்ச நேரத்தில் கூரை பறக்கிற மாதிரி வரிசை முழுக்க சித்தி, சித்தி என்று ஒரே கூச்சல்.

பட்டாணி கட்டில்மேல் ஏறி நின்றாள். இடுப்பில் கை.

"யாரும் கூப்பிடக் கூடாது. இது என் சித்தி. எங்க அம்மாவோட தங்கச்சி. உங்களுக்கு வேணும்னா உங்க அம்மாகிட்டக் கேட்டு வாங்கிக்குங்க" என்றாள்.

பக்கத்துக் கட்டில்காரி அழ ஆரம்பித்துவிட்டாள். விட்டுக் கொடுடி, சின்னப் பிள்ளை என்று பட்டாணியிடம் கெஞ்சினேன். மாட்டாள். மூக்கு விடைத்துக்கொண்டது, கீழுதடு உள்ளே மடிந்தது, ஒரு புருவம் மட்டும் தனியாக மேலே போனது. அக்கா, அந்த முகத்தோடு ஒரே அறையில் வளர்ந்தவள் நான். என்னால் அடக்க முடியவில்லை, சிரித்துவிட்டேன். அதற்கும் கோபித்துக்கொண்டு போர்வைக்குள் போய்விட்டாள். காலால் போர்வையை உதைத்து மூடுவதுகூட நீதான்.

அழுத பிள்ளையிடம் நான் சொன்ன சமாதானம் எதுவும் எடுபடவில்லை. கடைசியில், ஞாயிற்றுக்கிழமை மட்டும் மற்றவர்களும் கூப்பிடலாம் என்று போர்வைக்குள்ளிருந்தே உத்தரவு வந்தது. அதற்கும், அம்மாவைக் கேட்டுவிட்டுத்தான் உறுதியாகச் சொல்ல முடியுமாம். நாளைய கடிதத்தில் கேட்கப் போகிறாள். கரும்பலகைக்குக் கீழே இடம் போதாது, தாள் இன்னொன்று வேண்டும் என்று டீச்சரிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறாள். என்ன பதில் எழுதுவது என்று யோசித்து வைத்துக்கொள்.

அவள் உன் கையை விட்டுப் போய்விடுவாள் என்று பயந்தாய். எங்கே போவாள்? அந்த முகத்தை வைத்துக்கொண்டு அவளை வேறு யாருடைய பெண் என்றும் சொல்ல முடியாது, அக்கா. நான் ஆசைப்பட்டால்கூட முடியாது. ஆசைப்படாமலும் இல்லை.

உன் தங்கை,
பட்டாணியின் சித்தி